'நாங்க' என்று சொல்கிறவர்கள்: சில பிரதிகளும் ஒரு நோட்டுப் புத்தகமும்

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் நடந்த தலித் எழுத்துக் கருத்தரங்குக்குப் பேசப் போயிருந்தேன். தன்வரலாறுகள் பற்றிய அமர்வு. பேச்சின் வேகத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவைத்தேன். 'ஆபீசில ஒருத்தி, வாடகை வீட்டுல ஒருத்தி, ஊருக்குப் போனா சேரியில ஒருத்தி. சாதி நம்மள அப்படித்தான் வச்சிருக்கு. நாம எல்லாருமே ஒரு வகையில மல்டிபிள் பர்சனாலிட்டிதான்' என்று. கைதட்டினார்கள். நானும் அதை நல்ல வாக்கியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீ இடைவேளையில் ஒரு மாணவி வந்தார். முதுகலை இரண்டாம் ஆண்டு. 'அக்கா, நீங்க சொன்னது உவமை. எங்களுக்கு அது உவமை இல்ல' என்றார். எங்களுக்குன்னா யாருக்கு என்று கேட்டேன். 'இந்த உடம்புல இருக்கற எங்களுக்கு.' என் கையில் வடை இருந்தது. கடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் இடமில்லை. அவரே சிரித்துவிட்டு, 'பயப்படாதீங்க, அந்நியன் இல்ல' என்றார்.

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காக எழுதப்படுகிறது. டு பாய்ஸ் 1903-இல் அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி எழுதும்போது இரட்டை உணர்வு என்ற ஒன்றைச் சொன்னார். தன்னைத் தன்னை வெறுக்கிறவனின் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள நேர்கிற நிலை. அது நமக்கும் பொருந்தும், ஐயமில்லை. ஹாஸ்டலில் சேர்ந்த முதல் மாதமே 'வந்துகினு, போய்கினு' என்பதைத் துடைத்துப் போட்டுவிட்டு 'வந்துகொண்டு, போய்க்கொண்டு' என்று பேசப் பழகியவள்தான் நானும். ஆனால் அப்படிப் பேசியதும் நான்தான் என்று எனக்குத் தெரியும். நேற்றுச் சாயங்காலம் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்வேன். இந்த மாணவியால் அது முடியாது. செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து வியாழக்கிழமை காலை வரைக்கும் வேறொருவர் அந்த உடம்பில் இருந்து, சாப்பிட்டு, வகுப்புக்குப் போய், யாரிடமோ சண்டையும் போட்டிருப்பார். மன்னிப்புக் கேட்க வேண்டியது இவர். எதற்கென்று தெரியாமலே கேட்க வேண்டும். இதையும் என் ஹாஸ்டல் தமிழையும் ஒன்றென்று பேசுவது, பட்டினி கிடக்கிறவனிடம் போய் 'எனக்கும் அறிவுப் பசி' என்று சொல்வது மாதிரி.

தமிழில் இதற்கு ஒழுங்கான ஒரு சொல் கூடக் கிடையாது. மனச்சிதைவு என்று எழுதுகிறார்கள். அது ஸ்கிசோஃபிரினியா, முற்றிலும் வேறு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் 1980-இல் இதைப் பல ஆளுமைக் கோளாறு என்று எழுதினார்கள். 1994-இல் பெயரை மாற்றி டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர் என்றார்கள். மாற்றத்துக்குப் பின்னால் ஒரு பார்வை மாற்றம் இருந்தது. ஒரு உடம்பில் பத்துப் பேர் குடியேறிவிட்டார்கள் என்று பார்க்காதே, ஒன்றாகச் சேர வேண்டிய தன்னிலை சேராமலே போய்விட்டது என்று பார். பிஞ்சு வயதில், தாங்க முடியாதது திரும்பத் திரும்ப நடக்கும்போது, குழந்தை ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. இது எனக்கு நடக்கவில்லை, வேறு யாருக்கோ நடக்கிறது என்று மனசு ஒதுங்கிக்கொள்கிறது. அந்த 'வேறு யாரோ' பிறகு தனக்கென்று ஞாபகமும் குரலும் விருப்பு வெறுப்பும் உள்ள ஆளாக வளர்ந்துவிடுகிறார். பெரும்பாலான மருத்துவர்கள் இன்று சொல்கிற விளக்கம் இதுதான். மறுப்பவர்களும் உண்டு, அதற்கு வருகிறேன்.

'அந்நியன்' வந்த 2005-இல் நான் பிளஸ் ஒன். அந்த நோயின் பெயர் தமிழ்நாட்டு டீக்கடை வரைக்கும் வந்தது அந்தப் படத்தால்தான். அதுவும் பதினோரு வருஷம் பழைய பெயர். அம்பி என்கிற ராமானுஜம், வக்கீல், ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் மழைத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து தங்கை செத்துப்போகிறாள். அலட்சியத்தால் வந்த சாவு. அந்தத் துயரம் உண்மையானது, அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் அதிலிருந்து பிறக்கிற அந்நியன் எந்தச் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறான்? கருட புராணம். எண்ணெய்க் கொப்பரை, எருமைக் கூட்டம், அட்டைப்பூச்சி என்று ஒவ்வொரு தண்டனைக்கும் ஒரு சமஸ்கிருதப் பெயர். ஒரு மனுசனின் மனசு உடைந்து சிதறினால் கூட, சிதறுகிற துண்டு புராணம் படித்த துண்டாக இருக்கிறது பாருங்கள். கடைசியில் கோர்ட் அவனைச் சிகிச்சைக்கு அனுப்பி, பிறகு விட்டும் விடுகிறது. இத்தனை கொலை செய்த ஒரு சேரிப் பையனுக்கு மனநலச் சான்றிதழ் கேட்டு எந்த நீதிபதி காத்திருப்பார் என்று அப்போதே எங்கள் தெருவில் பேசிக்கொண்டோம்.

அப்போது தோன்றாத ஒன்று இப்போது தோன்றுகிறது. அந்தப் படத்துக்குப் பிறகு, இந்த நிலையோடு வாழ்கிற யாரும் வாயைத் திறந்து சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. சொன்னால் முதல் கேள்வி, 'கொலை கிலை பண்ணுவியா?' உண்மையில் இவர்கள் கத்தியைத் திருப்புவது தங்கள் மேலேயே. அந்த அமெரிக்கக் கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு, சிகிச்சைக்கு வருகிறவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்கள் தற்கொலைக்கு முயன்றவர்கள் என்கிறது. நம் சினிமா அவர்களைக் கொலைகாரர்களாக்கி டிக்கெட் விற்றது.

அதே 2005-இல் 'சந்திரமுகி'யும் வந்தது. மூலம், ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' (1993). வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடுகிறது. மலையாளப் படத்தில் கங்காவுக்குள் வருகிற நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆட்டக்காரி, தமிழ் பேசுவாள். தமிழில் எடுத்தபோது சந்திரமுகி தெலுங்கு பேசினாள். 2007-இல் இந்தியில் எடுத்தபோது மஞ்சுலிகா ஆகி வங்காளம் பேசினாள். மலையாளிக்குத் தமிழச்சி, தமிழனுக்குத் தெலுங்கச்சி, இந்திக்காரனுக்கு வங்காளி. தனக்குள் இருக்கிற 'அவள்' எப்போதும் பக்கத்து மொழிக்காரி, எப்போதும் ஆடிப் பிழைக்கிறவள், எப்போதும் அரண்மனைக்கோ தறவாட்டுக்கோ விலைக்கு வந்தவள். மற்றமை என்று நாம் கோட்பாட்டுக் கட்டுரைகளில் எழுதிக் குவித்ததை வியாபார சினிமா அலட்டிக்கொள்ளாமல் செய்து காட்டிவிட்டது.

அந்த ஆட்டக்காரியின் வழக்கு என்ன? காதலித்தவனைக் கொன்றார்கள், அவளையும் கொன்றார்கள். கொன்றவன் பெரிய வீட்டுக்காரன். நியாயம் அவள் பக்கம். ஆனால் படத்தில் மனநல மருத்துவரும் மந்திரவாதியும் சேர்ந்துகொண்டு என்ன செய்கிறார்கள்? பொம்மையைக் காட்டி, உன் எதிரியைக் கொன்றுவிட்டாய் என்று அவளை ஏமாற்றி அனுப்பிவைக்கிறார்கள். விஞ்ஞானமும் மந்திரமும் கைகோத்துச் செய்கிற ஒரு கட்டப்பஞ்சாயத்து. அவள் போனதும் குடும்பம் நிம்மதியாகிறது. நல்ல மருமகள் மிஞ்சுகிறாள். 'குணமாவது' என்றால் ஆட்டக்காரி தொலைவது. ஷோபனாவும் ஜோதிகாவும் நடித்தது பெரிய நடிப்பு. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் உயிரைக் கொடுத்தது அந்த ஆட்டக்காரிக்குத்தான், மருமகளுக்கு இல்லை. பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும்.

இந்த நல்லவள் - கெட்டவள் சங்கதி நம்ம ஊர்ச் சரக்கு மட்டும் கிடையாது. 1954-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் திக்பென், கிளெக்லி என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். 1957-இல் அது 'ஈவின் மூன்று முகங்கள்' என்று புத்தகமாகவும் சினிமாவாகவும் வந்தது. நடித்த ஜோன் உட்வர்டுக்கு ஆஸ்கார் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்குள் இருந்தவர்களுக்கு மருத்துவர்கள் வைத்த புனைபெயர்களைக் கவனியுங்கள். அடக்கமான, கணவனுக்குக் கட்டுப்பட்ட குடும்பப் பெண்: ஈவ் ஒயிட். குடித்து ஆடித் திரிகிறவள்: ஈவ் பிளாக். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கக் கூடாத ஊரில் உட்கார்ந்து வைத்த பெயர்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே 1954-இல்தான். எவ்வளவோ எழுதப்பட்ட அந்தப் பிரதியைப் பற்றி, இந்தப் பெயர்களை மட்டும் வைத்தே ஒரு ஆய்வேடு எழுதலாம். நம் மாணவர்கள் யாராவது செய்தால் சந்தோஷம்.

அந்தப் பெண் யார்? கிறிஸ் காஸ்ட்னர் சைஸ்மோர். தெற்குக் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் 1927-இல் பிறந்தவர். சினிமாவின் முடிவில் மூன்றாவதாக வந்த ஜேன் நிலைத்து, குணமாகிச் சுபமாக முடிந்துவிடும். நிஜத்தில் சைஸ்மோர் அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட இருபது வருஷம் பல பேராகவே வாழ்ந்தார். மொத்தம் 22 பேர் என்று அவரே கணக்குச் சொன்னார். 1977-இல் தன் உறவுக்காரப் பெண்ணோடு சேர்ந்து 'நான்தான் ஈவ்' என்று சொந்தப் பெயரில் புத்தகம் எழுதின பிறகுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. தன் குடும்பம் தன்னைக் கொடுமைப்படுத்தவில்லை, சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்ணெதிரே பார்த்த சாவுகளும் ரத்தமும்தான் தன்னை உடைத்தன என்று எழுதினார். தன் வாழ்க்கைக் கதையின் உரிமை யாருக்கு என்று பிற்பாடு அந்தச் சினிமா கம்பெனியோடு வழக்குக்கும் போனார். 2016-இல் இறந்தார்.

இந்த இதழின் வாசகர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. நம்மைப் பற்றி எழுத மானுடவியல் அறிஞர் வந்தார், மிஷனரி வந்தார், முற்போக்கு நாவலாசிரியர் வந்தார். எல்லாரும் சுபமாகவோ சோகமாகவோ முடித்துவிட்டுப் போனார்கள். 1992-இல் 'கருக்கு' வந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி எதனால்? சொல்லப்பட்டவள் சொல்ல வந்ததால்.

'சிபில்' பற்றியும் இரண்டு வார்த்தை. 1973-இல் வந்து பல லட்சம் விற்ற புத்தகம். எழுதியவர் ஷ்ரைபர் என்கிற பத்திரிகையாளர். 16 ஆளுமைகள் கொண்ட 'சிபில்' என்பவர் ஷெர்லி மேசன் என்கிற பெண். தனக்குள் வேறு யாரும் இல்லை, நான் சொன்னது பொய் என்று 1958-இலேயே தன் மருத்துவருக்கு அவர் எழுதிய கடிதத்தை டெபி நேதன் 2011-இல் எழுதிய நூலில் விரிவாகப் பேசுகிறார். மருத்துவர் அதை நோயின் ஒரு பகுதி என்று ஒதுக்கிவிட்டார். இதை வைத்து, இந்த நிலையே மருத்துவர்கள் ஊட்டி வளர்த்த கற்பனை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. சில இடங்களில் அது நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் பொய் சாட்சி ஒன்று பிடிபட்டதும் மொத்த வழக்கையும் தள்ளுபடி செய்வது எப்படிப்பட்ட நீதி என்று வன்கொடுமை வழக்குகளைப் பார்த்த நமக்குத் தெரியும்.

அந்த மாணவி எனக்குக் கொடுத்தது ஒரு ஜெராக்ஸ் கட்டு. 1987-இல் வந்த 'வென் ராபிட் ஹவுல்ஸ்' - முயல் ஊளையிடும்போது. நூலாசிரியர் பெயரைப் பாருங்கள்: 'ட்ரூடி சேஸுக்காக, படையினர்'. அதாவது எழுதியவர்கள் ட்ரூடிக்குள் இருந்தவர்கள். 92 பேர். சிறுமியாக இருந்தபோது மாற்றாந்தகப்பன் செய்த பாலியல் கொடுமை. மூலக் குழந்தை இரண்டு வயதிலேயே தூங்கிப்போய்விட்டாள், அவளுக்காக நாங்கள் வாழ்கிறோம் என்கிறார்கள். வாசிக்கச் சிரமமான புத்தகம். யார் பேசுகிறார்கள் என்பது நடுவாக்கியத்தில் மாறும். இலக்கியமாக இதில் நிறையக் குறை சொல்லலாம். ஒரே சம்பவம் ஐந்து முறை வருகிறது, சில பக்கங்கள் வெறும் புகை. முதல் வாசிப்பில் எரிச்சலாக இருந்தது. 'மறுபடி படிங்க, வேகமா படிக்காதீங்க' என்றார் அந்த மாணவி. இரண்டாம் முறை படித்தபோதுதான், ஒருமையில் நகரும் கதையாடலுக்கு என் கண் எவ்வளவு பழகிக்கிடக்கிறது என்று புரிந்தது.

அந்தப் படையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. வலியை வாங்கிக்கொண்டு ஊளையிடுகிறது முயல். யார் எப்போது வெளியே வரலாம் என்று பார்ப்பவர் வாயிற்காவலர். ஞாபகத்தின் ஓட்டைகளை மூடி நெய்கிறவர் ஒருவர். வியாபாரம் பார்க்க ஒருவர், கெட்ட வார்த்தை பேச ஒருவர். படித்துக்கொண்டே வந்தவள் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'ஒருத்தர் வலியை வாங்கிக்கொண்டால்தான் இன்னொருத்தர் சிரித்த முகமாக ஆபீஸ் போக முடியும். ஊரும் சேரியும்.' எழுதிவிட்டுப் பார்த்தால், இதோ மறுபடியும் உவமை. தலித் விமர்சகருக்கு இது ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் ஊர்-சேரி. அழித்துவிட்டேன். பென்சில் தடம் இருக்கிறது.

ட்ரூடி சேஸ் செய்த முக்கியமான காரியம், ஒன்றாக மாட்டேன் என்றது. சிகிச்சையின் முடிவு எல்லாரையும் இணைத்து ஒருத்தியாக்குவது என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நினைத்தார்கள். அவர்கள் மறுத்தார்கள். எங்களைக் காப்பாற்றியது நாங்கள்தான், இப்போது எங்களில் யாரைக் கொல்லச் சொல்கிறீர்கள் என்பது அவர்களுடைய கேள்வி. கடைசி வரை, 2010-இல் இறக்கும் வரை, கூட்டாகவே வாழ்ந்தார்கள். சைஸ்மோர் ஒருத்தியாக விரும்பினார், ஆனார். ட்ரூடி விரும்பவில்லை, ஆகவில்லை. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 2011-இல் வந்த சர்வதேசச் சிகிச்சை வழிகாட்டு நெறிகள் கூட, முழு இணைவையே மேலான முடிவாகச் சொன்னாலும், எல்லாராலும் அது முடியாது, சிலர் விரும்பவும் மாட்டார்கள், உள்ளே ஒத்துழைத்து வாழ்வதும் ஒரு முடிவே என்று ஒத்துக்கொள்கின்றன.

இனி அந்த நோட்டுப் புத்தகம். நாற்பது பக்க நோட்டு, ஸ்கூல் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி. அனுமதி கேட்டுத்தான் பார்த்தேன், அனுமதித்ததை மட்டும் சொல்கிறேன். முதல் பக்கத்தில் விதிகள். 'யார் சாப்பிட்டாலும் எழுதி வை.' 'போன் லாக் நம்பரை மாத்தாதே.' 'பரீட்சைக்கு முதல் நாள் யாரும் சினிமாவுக்குப் போகக் கூடாது.' பிறகு நாள்வாரியாகச் செய்தி விட்டுப் போகிறார்கள். ஒரு கை சாய்ந்த கையெழுத்து. ஒரு கை கொட்டை கொட்டையாக, ஒற்றெழுத்து இல்லாமல். அது ஏழு வயசுக்காரி. ட்யூப்லைட் மினுக்கினால் அவளுக்குப் பயம். அவளுக்காக மற்றவர்கள் பல்பு மாட்டியிருக்கிறார்கள். ஒருவர் ஊர்ப் பேச்சு மட்டுமே பேசுவார், 'இன்னா' என்றால் இன்னாதான். வகுப்பில் நல்ல தமிழ் பேசுகிறவர் முதலில் அவரைக் கண்டு கூசியிருக்கிறார். இரண்டு வருஷ நோட்டில் அந்தக் கூச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைப் பார்க்க முடிகிறது. 'நீ பேசினத ரூம்மேட் சொன்னா. சிரிப்பா இருந்துச்சாம். இன்னொரு நாள் வா' என்று ஒரு பக்கம். தன்னை ஏற்றுக்கொள்வது என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அது நடைமுறையில் இப்படி ஒரு வரி எழுதி வைப்பதாகத்தான் இருக்கிறது.

வெளியில் கஷ்டம் வேறு மாதிரி. பரீட்சையில் ஒரே விடைத்தாளில் இரண்டு கையெழுத்து. மேற்பார்வையாளர் பிடித்துக்கொண்டார், ஆள்மாறாட்டமாம். ஒரு மணி நேரம் நின்று அழுதிருக்கிறார். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் கையெழுத்து பேங்க் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு அலுவலகத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். ஒரு பெயர், ஒரு கையெழுத்து, ஒரு சாதிச் சான்றிதழ் - அரசாங்கத்துக்குத் தெரிந்த மனுசி அவ்வளவுதான். இப்போது பெருவிரல் ரேகை வைத்துச் சமாளிக்கிறார்கள். 'ரேகை மட்டும் எங்க எல்லாருக்கும் ஒண்ணுதான் அக்கா' என்றார். கைநாட்டு என்று நம் தாத்தாக்களைக் கேலி செய்தார்களே, அந்தக் கைநாட்டு.

சின்ன வயதில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தன்வரலாறு, வாக்குமூலம் என்று நாம் கொண்டாடுகிற எழுத்தில் நாமே ஒரு கெட்ட பழக்கத்தை வளர்த்துவிட்டோம். காயத்தைக் காட்டு, அப்போதுதான் நம்புவோம். இன்னும் கொஞ்சம் ஆழமாகக் காட்டு. ஆசிரியர் குழுக்களில் இருந்தவள் என்ற முறையில் எனக்கும் இதில் பங்குண்டு. அந்த மாணவியின் வாழ்க்கையில் சோறு, நோட்டு, பல்பு, பஸ், பரீட்சை எல்லாம் இருக்கின்றன. காயத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் இவை எதுவும் என் கண்ணில் பட்டிருக்காது.

என் பெரியம்மா ஞாபகம் வராமல் இதை எழுத முடியவில்லை. நடவுக்குப் போகிறவர். வாய் பேசாத பொம்பளை. சில வெள்ளிக்கிழமைச் சாயங்காலங்களில் வேறொருத்தி வருவாள். வெற்றிலை கேட்பாள். எங்கள் தாத்தாவை 'டே' என்பாள். மேட்டுத்தெரு ஆண்டையின் பெயரைச் சொல்லி, எத்தனை நாள் கூலி பாக்கி என்று கணக்குச் சொல்வாள்; கணக்கு சரியாக இருக்கும். மறுநாள் பெரியம்மாவுக்கு எதுவும் ஞாபகமிருக்காது. பூசாரி வேப்பங்குழையால் அடித்தார். பெரியாஸ்பத்திரியில் சீட்டில் ஹிஸ்டீரியா என்று எழுதித் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு பேருக்குமே அவளை விரட்டிவிட வேண்டும் என்ற ஒரே அவசரம். எங்கள் ஆயா மட்டும், 'வந்திருக்கறது யாரும்மா?' என்று கேட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்து, உட்கார இடம் காட்டுவார். ஆயாவை ஞானியாக்கிவிட வேண்டாம். பொழுது விடிந்தால் அறுப்புக்குப் போக வேண்டியவர், விரட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

பெரியம்மாவுக்கு வந்தது பேயா, சாமியா, வியாதியா என்று நான் முடிவு கட்டப்போவதில்லை. அமெரிக்கக் கையேடு 2013-இல்தான், சில பண்பாடுகளில் இந்த நிலை ஏதோ ஒன்று பிடித்ததாக உணரப்படலாம் என்று சேர்த்துக்கொண்டது. அதற்காகப் பேயோட்டுவதை நம் பண்பாடு என்று தூக்கிப் பிடிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை எரிந்தபோது 28 பேர் வெந்து செத்தது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால். சங்கிலியைத் தடை செய்யும் சட்டம் 2017-இல் வந்தது. ஊர்ப்பக்கம் போய்ப் பாருங்கள்.

தமிழ் படித்தவள் என்பதால் கடைசியாக ஒரு இலக்கண விஷயம். ட்ரூடியின் புத்தகம் ஆங்கிலத்தில் 'வீ' என்று சொல்லும்போது, அந்த 'வீ'க்குள் வாசகர் உண்டா இல்லையா என்று தெரியாது. தமிழில் தெரியும். 'நாம்' என்றால் கேட்கிறவரும் சேர்த்தி, உளப்பாட்டுத் தன்மை. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே. நோட்டுக்குள் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதுவது 'நாம'. 'நாம இந்த மாசம் ஃபீஸ் கட்டணும்.' என்னிடம் பேசுவது 'நாங்க'. டீ இடைவேளையில் 'எங்களுக்கு' என்றாரே, அந்த ஒரு சொல்லிலேயே எல்லையும் போட்டார், உறவையும் சொன்னார். நான் மேடையில் நின்று 'நாம எல்லாருமே' என்றேன். கேட்காமலே அவர்கள் வீட்டுக்குள் நுழைந்த 'நாம' அது.

முன்னிலையில் இன்னொரு சங்கதி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர்; தங்கச்சி முறை. பழகிய பிறகு ஒருநாள் 'நீ' என்றேன். 'நீங்கன்னே கூப்பிடுங்க அக்கா. அது எங்க எல்லாருக்கும் சேரும்' என்றார். நீங்கள் என்பது மரியாதைக்கும் வரும், பன்மைக்கும் வரும். ஆண்டை வீட்டுப் பத்து வயசுப் பையன் எங்கள் தாத்தாவை 'வாடா' என்று கூப்பிட்ட மண்ணில், 'நீங்க' என்ற சொல்லுக்காக அடிபட்டிருக்கிறோம், பஞ்சாயத்தில் நின்றிருக்கிறோம். அந்தச் சொல்லை மரியாதை என்று மட்டுமே இத்தனை காலம் அறிந்திருந்தேன். ஏழு வயசுக்காரிக்கும் சேர்த்து 'நீங்க' சொல்ல இப்போதுதான் பழகுகிறேன். இன்னும் நாக்கு தடுமாறுகிறது.

கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தது. எந்தக் கல்லூரி, எந்த மாவட்டம் என்ற குறிப்புகளைச் சாய்ந்த கையெழுத்து அடித்திருந்தது, எடுத்துவிட்டேன். அம்பியைத் திட்டியது பத்தாது என்று இன்னொரு கை எழுதியிருந்தது. பல்பு பற்றிய வரிக்குப் பக்கத்தில், ஒற்றில்லாமல், கொட்டை எழுத்தில், 'இது நா' என்று இருந்தது.